பூச்சிக்கடின்னு எழுதாதீங்க

கேஷுவாலிட்டி ரெஜிஸ்டரைப் புரட்டினா ஒரே விஷயத்துக்கு நாலு பேரு: பாம்புக்கடி, பூச்சிக்கடி, விஷக்கடி, அன்நோன் பைட்.

கட்டுவிரியன் பெரும்பாலும் தூக்கத்துலதான் கடிக்கும், தடமே தெரியாது. இமை சரிஞ்சு வந்தவரை வென்டிலேட்டர்ல போட்டுக் காப்பாத்தியிருப்போம். ரெஜிஸ்டர்ல மட்டும் அவர் கடைசிவரை 'பூச்சிக்கடி'.

ஐசிடி-10ல பாம்பு விஷத்துக்கு டி63.0ன்னு குறியீடு இருக்கு. எந்த மொழிக்காரர் போட்டாலும் கம்ப்யூட்டர் ஒண்ணாத்தான் எண்ணும். ஆனா எந்தப் பாம்புன்னு அது சொல்லாது. ஏஎஸ்வி நாலு பாம்புக்கும் பொது, சரி. கட்டுவிரியனுக்கு வென்டிலேட்டர், கண்ணாடி விரியனுக்குப் பல நேரம் டயாலிசிஸ். ரெண்டையும் ஒரே எண்ணுல அடைச்சா எந்த ஆஸ்பத்திரிக்கு எதைக் கேட்டு வாங்குறது?

ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளே, குறியீட்டோட கடிச்ச நேரம், இடம், அறிகுறி, 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் எழுதுங்க. பாம்பை யாரும் பாக்கலைன்னா 'பாக்கலை'ன்னே எழுதுங்க. குத்துமதிப்பா 'நாகம்'னு போட்டுடாதீங்க.