ஐந்து விரலையும் விரிச்சுக் காட்டு!

எலெக்‌ஷன் பேச்சு எடுத்தாலே போதும், 'உலகத்துக்கே ஓட்டுப் போடக் கத்துக்கொடுத்தது நம்ம உத்திரமேரூர்தான்'னு யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிடுவார். 2020 டிசம்பரில் புது பார்லிமென்ட்டுக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் மோடியும் இந்த ஊரைப் பத்திப் பேசினார். அப்படி என்னதான் இருக்கு அந்தச் சுவர்ல? பார்த்துடலாம்னு பஸ் ஏறிட்டேன்.

காஞ்சிபுரத்துல இருந்து சுமார் 30 கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயில்னு கேட்டா வழி சொல்லுவாங்க. கோயில் சின்னதுதான். ஆனா அந்த மண்டபத்தோட கருங்கல் சுவர் இருக்கே... பக்கம் பக்கமா எழுத்து! அந்தக் காலத்துல ஊர்ச்சபை கூடின இடமே இதுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919-லயும் 921-லயும் வெட்டின ரெண்டு கல்வெட்டுதான் இங்க ஹீரோ. பேரு குடவோலை முறை.

ஊரை 30 குடும்பாப் பிரிச்சாங்க. குடும்புன்னா நம்ம வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, ஒரு பானையில போடணும். வயசான நம்பி ஒருத்தர் எழுந்து, அந்தப் பானையை எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடிப்பார். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற பானையில போட்டுக் குலுக்கி, அதுல இருந்து ஒரே ஒரு ஓலை. அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். விரல் இடுக்குல வேற ஓலை ஒளிச்சு வெச்சிருந்தா? அதுக்குத்தான்! அவர் படிச்சதும், அங்க இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்கணும். எஞ்சினீயரிங் படிக்கிற நமக்கு இது புரியும்... சிஸ்டத்துல எங்கெல்லாம் ஓட்டை விழும்னு யோசிச்சு ஒவ்வொண்ணா அடைச்சிருக்காங்க.

இப்படி வர்ற 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். தப்புப் பண்ணினா உடனே அவுட்!

இன்னொரு விஷயம், ரெண்டே வருஷத்துல ரூல்ஸை மாத்தியிருக்காங்க. முதல் கல்வெட்டுல வயசு 30-லிருந்து 60. அடுத்ததுல 35-லிருந்து 70.

சரி, இது ஓட்டா? இல்லவே இல்லை. சீட்டுக் குலுக்கல்! யாரும் யாருக்கும் ஓட்டுப் போடலை. ஏதென்ஸ்லயும் 500 பேர் கவுன்சிலைக் குலுக்கல்லதான் எடுத்தாங்க. இப்பவும் தேர்தல் ஆராய்ச்சி பண்றவங்க இந்த முறையைச் சீரியஸாப் பேசறாங்க. அயர்லாந்துல 2016-ல குலுக்கல்ல எடுத்த 99 குடிமக்களை உட்கார வெச்சு, கருக்கலைப்புச் சட்டம் பத்தி விவாதிக்க விட்டாங்க. குலுக்கல்ல ஒரு வசதி, யாருக்குப் பணம் கொடுத்தாலும் பானை கேட்காது!

அதுக்காக ரொம்பப் புல்லரிக்க வேண்டாம். இது பிராமணர்களுக்குத் தானமா விட்ட சதுர்வேதிமங்கலம். சொந்த மனையில வீடு, கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், வேதப் படிப்பு... இத்தனையும் இருந்தாத்தான் ஓலையில பேரு. பெண்கள் கிடையாது. வயலில் இறங்கி உழைச்சவங்க கிடையாது. 1989-லிருந்து 18 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு இருக்கு. அந்த ஒரு விஷயத்துல நாமதான் சோழர்களைவிட முன்னால நிக்கறோம்.

ஆனா ஒரு ரூல்ல அவங்க நம்மளைத் தூக்கிச் சாப்பிட்டாங்க. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிக்க முடியாது. அவர் மட்டுமா? அப்பா, மகன், மாமனார், மாப்பிள்ளை, மச்சான்... மொத்தக் கும்பலுக்கும் தடை! நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியம் கமிட்டிக்கு இந்த ஒரு ரூலைப் போட்டா அடுத்த வருஷம் எத்தனை பேர் மிஞ்சுவாங்க? யோசிங்க மக்களே!

போறவங்க அப்படியே சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலையும் பார்த்துடுங்க. மூணு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் பெருமாள். மேல ஏறி இறங்கினா, கேன்டீன் பரோட்டா எல்லாம் செரிச்சிடும்!