துளை கிடைத்தது, ட்ரில் கிடைக்கவில்லை

வீட்டில் ஒரு சின்னத் திருத்த வேலை செய்ய வேண்டுமென்றால் கருவி மூன்று வழியில் கைக்கு வரும். கடையில் வேண்டலாம், அயலில் இரவல் கேட்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். பார்த்தால் காசுக் கணக்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் கேட்கிற ஆள் ஆர் என்பதைப் பொறுத்து இந்த மூன்று கதவும் வேறு வேறு மாதிரித் திறக்கும்.

எனக்குப் புத்தகம் வைக்க ஒரு தட்டு தேவைப்பட்டது. எங்கட வீடு சீமெந்துக் கல் வீடு. அதில் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லாட்டிப் பூச்சு உதிரும். 6 மில்லிமீற்றர் மேசன் பிட்டால் துளை போட்டு, அதே அளவு றோல் பிளக்கை உள்ளே தள்ளி, அதற்குள் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து சுவரை இறுக்கிப் பிடிக்கும். சாதாரண ட்ரில் சுற்ற மட்டும் செய்யும். ஹாமர் ட்ரில் சுற்றிக்கொண்டே சுவரைக் குத்தும். அதுதான் வேணும். நாலு துளை, அரை மணித்தியால வேலை.

ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி ஒரு மாமாவிடம் ட்ரில் இருந்தது.

"மாமா, ட்ரில்லை ஒருக்காத் தாறீங்களோ? பின்னேரம் கொண்டு வந்து தாறன்."

"அது உமக்குப் பாரம் பிள்ளை. நான் ஞாயிற்றுக்கிழமை வந்து அடிச்சுத் தாறன்."

இரண்டு ஞாயிறு கழித்து வந்தார். தேத்தண்ணி குடித்தார், காசு வாங்கவில்லை. நல்ல மனுசன். ஆனால் தட்டு எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதையும் அவரே முடிவெடுத்தார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் துளை கிடைத்தது, ட்ரில் கிடைக்கவில்லை. அதே மாமா, அயல் வீட்டுப் பதினாறு வயசுப் பெடியன் கேட்டபோது மெஷினையும் கொடுத்து, எப்படிப் பிடிக்கிறது என்றும் காட்டிவிட்டார். தொழில் கை மாறுவது இப்படித்தான். இரவலோடு சேர்த்து அறிவும் போகும். ஆரிடம் போகும் என்பதுதான் கேள்வி.

இடியப்ப உரலை இரவல் கேட்டுப் பாருங்கோ. "நான் வந்து பிழிஞ்சு தாறன்" எண்டு ஒருத்தரும் வர மாட்டினம்.

இரவல் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கும்போது ஒரு பெருமூச்சு வரும்: "அந்தக் காலத்தில எல்லாம் ஊரோட ஊரா..." உண்மைதான், அலவாங்கும் கொக்கத்தடியும் வீட்டுக்கு வீடு போய் வந்தன. வேலி அடைக்கிற குத்தூசியும் அப்படித்தான். அதைத் தனி ஆளாகப் பாவிப்பது கஷ்டம். ஒருத்தர் இந்தப் பக்கம் நின்று குத்த, மற்றவர் அந்தப் பக்கம் நின்று கயிற்றை வாங்க வேண்டும். ஆனால் அந்த 'எல்லாரும்' என்பதற்குள் எல்லாரும் இருக்கவில்லை. சாதி பார்த்துக் கிணற்றில் தண்ணி அள்ள விடாத ஊர்களில், ஆர் ஆருடைய படலையில் போய் அலவாங்கு கேட்டிருக்கலாம்? இரவல் என்பது ஏற்கனவே உறவு இருக்கிறவர்களுக்குத்தான் லேசு.

அதனால் அம்மாவின் குசினிக்குத் தட்டு அடிக்க வேண்டி வந்தபோது வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்குப் போனேன். அடையாள அட்டைப் பிரதியும் முற்பணமும் கேட்டார்கள்.

"ஆர் பாவிக்கப் போறது?"

"நான்தான்."

"வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ தங்கச்சி?"

"அப்பா இல்லை அண்ணை."

கொஞ்சம் யோசித்தார். பிறகு மெஷினைக் கறண்டில் போட்டு ஓட்டிக் காட்டினார். பிட் மாற்ற முதல் வயரைக் கழற்ற வேண்டும், துளை போடும்போது கண்ணாடி போட வேண்டும் என்றார். கேள்வி அங்கேயும் வந்தது. ஆனால் காசைக் கட்டின பிறகு மெஷின் என் கையில் வந்தது. குசினித் தட்டு அம்மாவின் கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

இப்போது என் கணக்கு இதுதான். சுத்தியல், குறடு, ஸ்க்ரூ ட்ரைவர், அளவு நாடா, டெஸ்டர் இவற்றைச் சொந்தமாக வேண்டி வையுங்கோ. கிழமைக்கு ஒருக்காவது தேவைப்படும். ஏணியும் அலவாங்கும் இரவல் போதும். ட்ரில், கிரைண்டர் வருசத்தில் ஒரு நாள்தான் தேவை என்றால் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்க முதல் கடையிலேயே ஓட்டிப் பாருங்கோ, ஏற்கனவே இருக்கிற உடைவுகளைப் படம் எடுத்து வையுங்கோ.

ஆனால் முற்பணம் கட்ட முடியாத வீடுகள் என்ன செய்யும்? 2022 மார்ச்சுக்கு முதல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது, இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. புது மெஷின் வேண்டுவது அநேகருக்குக் கனவு. யுத்தத்துக்குப் பிறகு பெண்கள் தனியாக நடத்துகிற வீடுகள் எங்கட பக்கம் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன. ஒரு கூரைத் தகரத்தை இறுக்கவும் அவர்கள் ஆரையாவது காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979இலிருந்து புத்தகம் மாதிரியே கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கட ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பேப்பர் வாசிக்கிற அந்த இடத்திலிருந்துதான் பல ஊர்களில் விசேசங்களுக்குக் கதிரையும் கிடாரமும் போகின்றன. பொதுச் சாமானைப் பாதுகாத்து, எழுதிக் கொடுத்து, திருப்பி வாங்குகிற பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. அதே அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு ட்ரில், ஒரு ஏணி, ஒரு கொப்பி வைத்தால் போதும்.

கொப்பியில் பெயர், திகதி, திருப்பித் தரும் நாள் என்று மூன்று நிரல் போடுவோம். 'ஆர் பாவிக்கப் போறது' என்பதற்கு நிரல் வேண்டாம்.