மறைக்கலாகாத நோய்

என் பேரனுக்கு மூன்று வயதானபோது அவன் வயிறு பெருக்கத் தொடங்கிற்று. மூக்கில் அடிக்கடி இரத்தம் வடிந்தது. சத்து மருந்து கொடுத்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். மலேரியாவுக்கும் மருத்துவம் பார்த்தோம். இரண்டாண்டுகள் வீணாயின. மண்ணீரலையே அகற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்ன பின்னர்தான், மற்றொரு மருத்துவர் இரத்தத்தை நொதிச் சோதனைக்கு அனுப்பினார். கோஷே நோய் என்று தெரிந்தது.

1882-இல் பாரிஸில் ஃபிலிப் கோஷே என்பவர் இந்நோயை முதலில் விவரித்தார். தேய்ந்த அணுக்களின் கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று நம் உடலில் உண்டு. அது குறைந்தால் அக்கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் தேங்குகிறது. இக்குறையை 1965-இல் அமெரிக்க மருத்துவர் ராஸ்கோ பிரேடி குழுவினர் கண்டறிந்தனர். அந்நொதியையே மருந்தாகச் செலுத்தும் முறை 1991-இல் அங்கு ஒப்புதல் பெற்றது. இன்று என் பேரனுக்கு இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அது நரம்பு வழியே ஏறுகிறது. வயிறு வற்றியிருக்கிறது, பள்ளிக்கும் போகிறான். 2022 முதல் இந்திய அரசு இத்தகைய அரிய நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. தொகைக்கு எல்லை உண்டு. மருந்தோ ஆயுள் முழுதும் வேண்டும்.

என்னை வாட்டியது வேறொன்று. என் மூத்த மகனுக்கு என் தங்கை மகளை முடித்து வைத்தவன் நானே. தாய், தந்தை இருவரிடமும் இக்குறை மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய உறவில் இருவரிடமும் ஒரே குறை இருப்பது எளிது. அப்போது என் இளைய மகனுக்கும் தங்கையின் இரண்டாம் மகளுக்கும் பேச்சு முடிந்திருந்தது.

“காக்கா, வெளியே சொல்லாதீர்கள். இன்னும் இரண்டு குமர்கள் இருக்கிறார்கள்” என்று தங்கை அழுதாள். மார்க்கம் உறவில் மணப்பதை அனுமதித்திருக்கிறது, கடமையாக்கவில்லை. அறிந்தபின் மறைப்பது எப்படித் தகும்? மரபணுச் சோதனைக்குப் பின்னரே நிக்காஹ் என்றேன். ஆறு மாதம் அவள் என்னுடன் பேசவில்லை.

சோதனையில் அவள் மகளிடம் அக்குறை இருந்தது. என் மகனிடம் இல்லை. பிள்ளைகளுக்கு இந்நோய் வராது என்றார் மருத்துவர். நிக்காஹ் நடந்தது. இப்போது மூன்றாம் மகளின் இரத்தத்தைச் சோதிக்கத் தங்கையே அழைத்துப் போயிருக்கிறாள்.