வாப்பாவின் புல்லட்

காரைக்காலில் இரும்புக்கு ஆயுள் குறைவு. அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலிருந்து வீசும் உப்புக் காற்று சன்னல் கம்பியையும் விடுவதில்லை; சைக்கிள் சங்கிலியையும் விடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பதினொரு ஆண்டுகள் கொல்லைப்புறக் கொட்டகையில் கோணியால் மூடி நிறுத்தி வைத்திருந்தவன் நான். வாப்பா வஃபாத்தான பிறகு அதை ஓட்டவும் மனம் வரவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அது துருப்பிடித்துக் கொண்டிருந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன்.

வாப்பா அதை 1977இல் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார்கள். 350 சி.சி. புல்லட். துணிக்கடைப் பாக்கியை வசூலிக்க நெடுங்காடும் திருமலைராயன்பட்டினமும் மாயவரமும் அலைந்த வண்டி. அவர்கள் வரும் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உம்மா உலை வைப்பார்கள். வண்டி நின்று, கை கால் கழுவி உட்காரும்போது சோறு சரியாக இருக்கும். எங்கள் வீட்டுக் கடிகாரம் அதுதான்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்த என் லாத்தாவின் மகன், இயந்திரப் பொறியியல் படித்துச் சென்னையில் வேலை பார்ப்பவன், கோணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதைக் கஃபே ரேசராக ஆக்கிவிடலாம்" என்றான். எனக்கு விளங்கவில்லை. காப்பிக் கடைக்கும் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று கேட்டேன்.

உறவு உண்டு. லண்டன் நகரை வளைத்துச் செல்லும் வடக்கு வட்டச் சாலையில் 1938இல் ஏஸ் கஃபே என்றொரு கடை திறக்கப்பட்டது. லாரி ஓட்டுநர்கள் இறங்கித் தேநீர் அருந்தும் கடை. போரில் குண்டு விழுந்து அழிந்து, 1949இல் மீண்டும் எழுந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கையில் புதிதாகக் கூலி கண்ட தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அங்கே மோட்டார் சைக்கிள்களோடு கூடினார்கள். பந்தய வண்டி வாங்க அவர்களிடம் பணமில்லை. ஆகவே, இருந்த வண்டியிலிருந்து எடையைக் கழித்தார்கள். அகன்ற கைப்பிடியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த கைப்பிடி. கால்வைக்கும் கட்டையைப் பின்னுக்கு நகர்த்தல். நீண்ட இருக்கைக்குப் பதில் முடிவில் திமில்போல் உயர்ந்த ஒற்றை இருக்கை. ஓட்டுபவன் டாங்கியின் மேல் படுத்தாற்போலக் குனிந்தால் காற்று எதிர்ப்பது குறையும். டிரையம்ப் எஞ்சினை நார்ட்டன் சட்டத்தில் பொருத்தி 'டிரைட்டன்' என்று பெயரிட்டவர்களும் உண்டு. மணிக்கு நூறு மைல் தொடுவது அவர்களுடைய பெருமை. அது 160 கிலோமீட்டர். நம் புல்லட் நூறு கிலோமீட்டரைத் தொட்டாலே கண்ணாடி முதல் கடைவாய்ப் பல் வரை எல்லாம் அதிரும் என்பது வேறு கதை. அந்தக் கடை 1969இல் மூடப்பட்டு, 2001இல் மறுபடி திறக்கப்பட்டது.

மருமகன் இதைச் சொல்லிவிட்டு, "இது நம் வண்டிக்கு அந்நியமில்லை, மாமா" என்றான். உண்மைதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கைகோத்துத்தான் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்தது. 1964இல் கான்டினென்டல் ஜி.டி. என்ற பெயரில் 250 சி.சி. கஃபே ரேசர் ஒன்றைத் தாய் நிறுவனமே செய்து விற்றது. பிறகு ரெட்டிச்சில் தொழில் படுத்துவிட்டது; திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்தது. பெற்றவள் போன பின்னும் பிள்ளை பெயர் விளங்கிற்று என்பார்களே, அப்படி. 2013இல் அதே கான்டினென்டல் ஜி.டி. பெயரில் சென்னை நிறுவனம் 535 சி.சி. வண்டியும், 2018இல் இரட்டை சிலிண்டர் வண்டியும் வெளியிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

வேலை தொடங்கினோம். பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி நான்கு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினோம். டாங்கிக்குள் ஒரு கைப்பிடி நட்டுகளையும் டீசலையும் போட்டு முறைவைத்துக் குலுக்கினோம். வந்த துருநீர் மீன்குழம்பின் நிறத்தில் இருந்தது. ரிம், ஸ்போக், ரப்பர் எல்லாம் புதிது. வாரக் கடைசிகளில் சென்னையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, உம்மா கொடுக்கும் பசியாறலை நின்றபடியே முடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவான். எனக்கும் நகக்கண்ணில் கிரீஸ் ஏறியது. கடையில் துணி அளக்கும்போது வாடிக்கையாளர்கள் என் விரலைப் பார்த்தார்கள்.

முதல் தகராறு முகப்பில் வந்தது. தாழ்ந்த கைப்பிடியை முன்கவைக் குழாய்களிலேயே இறுக்குவதுதான் அசல் முறை. ஆனால் பழைய புல்லட்டில் முகப்பு விளக்கின் கூடு வெறும் கூடன்று. முன்கவையின் மேல்முனைகள் இரண்டும் அதில்தான் பிணைக்கப்பட்டுள்ளன. கூட்டை எடுத்தால் அதன் இடத்தில் வேறொரு பிணைப்புத் தகட்டைக் கடைந்து போட வேண்டும். கடையலாம், லேத் பட்டறைக்குக் காரைக்காலில் பஞ்சமில்லை. என்னைத் தடுத்தது கூட்டில் பதிந்திருக்கும் அம்மீட்டர். வாப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே இயந்திரப் பாடம் அதுதான்: கிக்கரை மெல்ல அழுத்து, முள் நடுவில் வந்து நிற்கட்டும், டிகம்ப்ரசரை இழுத்துக்கொண்டு இன்னும் சிறிது இறக்கு, பிறகு விட்டுவிட்டு முழு மூச்சாக உதை. முள்ளைப் பாராமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் வலக் கணுக்கால் அதை மறக்கவில்லை. "முள்ளில்லாமல் எப்படிக் கிளப்புவாய்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கூட்டை விட்டுவிட்டான். பழைய பிடியிலேயே பொருந்தும் தாழ்ந்த கைப்பிடி ஒன்றைத் தேடிப் பிடித்தான்.

இரண்டாம் தகராறு சிரிப்பில் முடியவில்லை. இருக்கைக்குப் பின்னால் நீளும் சட்டத்தை அறுத்தால்தான் வால் குட்டையாகும். அறுவைச் சக்கரத்துக்குக் கம்பியிழுத்துத் தயாராகிவிட்டான். இடப்பக்கத்துச் சேலைத் தடுப்பைக் கழற்றி, பழைய இரும்புக் குவியலில் எறிந்துமிருந்தான். அது அழகானதன்று. கம்பிகள் கோணலாக வளைந்து, பற்றவைத்த இடங்கள் புளியங்கொட்டைபோல் புடைத்திருக்கும். அந்த ஓசை கேட்டு உம்மா வெளியே வந்தார்கள்.

"அதை ஏன் வாப்பா எறிஞ்சே?" என்று பேரனைக் கேட்டார்கள்.

"ஒருத்தர் உட்கார்ற வண்டிக்கு அது எதுக்கு, உம்மம்மா?"

உம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எனக்கே புதிது. வண்டி வாங்கிய மறு ஆண்டு நாகூர்க் கந்தூரிக்குப் போகையில், வாஞ்சூர் தாண்டுமுன் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி பின்சக்கரத்தில் சிக்கிச் சுற்றியிருக்கிறது. வண்டியின் வேகம் குறைவாக இருந்ததால் கழுத்து தப்பியது. முழங்கை எலும்பு முறிந்தது. அந்த வண்டியில் அப்போது தடுப்பு இல்லை. அந்தக் கை ஏன் முழுதாக நீளாது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வாப்பா அந்த வாரமே பட்டறையில் பக்கத்தில் நின்று, கம்பி வளைத்துக் கொடுத்து, அந்தத் தடுப்பைச் செய்வித்திருக்கிறார்கள். "வண்டி அசிங்கமாப் போச்சுன்னு கூட்டாளிங்க கேலி பண்ணாங்க. கேக்கலை" என்று முடித்து உம்மா உள்ளே போய்விட்டார்கள்.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. இரும்புக் குவியலைக் கிளறி அதை எடுத்து வைத்தான். ஆனால் சட்டத்தை அறுக்கும் எண்ணத்தை அவன் அன்றே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளைஞனின் ஆசை ஒரு கதையில் அடங்குவதன்று. அடுத்த வாரம் நான் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் முன் நின்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அறுத்த சட்டத்தை அங்கே எப்படிக் காட்டுவது?

அந்த விதிகளுக்கிடையே இன்னொன்று கண்ணில் பட்டது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது: பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், கால்வைக்கக் கட்டையும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பும் வேண்டும். வாப்பா கம்பி வளைத்துப் பத்தாண்டுக்கு மேலான பிறகு வந்த விதி. அவனிடம் அந்தப் பக்கத்தை மட்டும் நீட்டினேன். படித்தான். அறுவைச் சக்கரத்தின் கம்பியைச் சுருட்டினான்.

இப்போது வண்டி முன்னால் பார்த்தால் லண்டன், பின்னால் பார்த்தால் காரைக்கால். கைப்பிடி தாழ்ந்திருக்கிறது, டாங்கி அடர்பச்சையில் மின்னுகிறது, பின்னால் இருவர் அமரும் நீண்ட இருக்கை, கோணல் தடுப்பு. சென்னை நண்பர்கள் படம் பார்த்துக் கேலி செய்ததாக வருத்தத்தோடு சொன்னான். அந்த வருத்தத்தை நான் போக்க முயலவில்லை.

சென்ற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோமீட்டரில் மணிக்கட்டும் இடுப்பும் வலித்தன. இது என் வயதுக்கு ஆன வண்டியன்று. திரும்பி வந்து தெருமுனையில் வேகத்தைக் குறைத்தபோது, எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து புகை எழுவது தெரிந்தது.