இரண்டு புள்ளிகள்

ஜெர்மனியில் கெவுர்ஸ்ட்ராமினர் என்ற ஒயினை வாங்கினால், லேபிளில் 'யூ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இருக்கும். ரைன் ஆற்றைத் தாண்டி பிரான்ஸின் அல்சாஸுக்குள் வந்துவிட்டால் அதே திராட்சை, அதே பெயர், புள்ளிகளை மட்டும் காணோம். உச்சரிப்பு அதனால் மாறவில்லை. ஜெர்மன்காரர் புள்ளி வைத்துக் கொண்டுவரும் அந்த ஒலியை, பிரெஞ்சில் வெறும் எழுத்தே தந்துவிடுகிறது. புள்ளிகள் போனதால் மாறியது ஒன்றுதான்: அந்தச் சொல் எந்த நாட்டுக்காரர் எழுதியது என்பது.

அல்சாஸ் ஒல்லியான நிலம். மேற்கே வோஸ்ஜ் மலை, கிழக்கே ரைன். மலையின் கிழக்குச் சரிவில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் திராட்சைத் தோட்டங்கள். பள்ளியில் படித்த மழை மறைவுப் பிரதேசம் நினைவிருக்கிறதா? அதேதான். மேற்கிலிருந்து வரும் மேகங்களை மலை பிடித்துக்கொள்வதால், கோல்மார் பிரான்ஸிலேயே மிகக் குறைவாக மழை பெறும் ஊர்களில் ஒன்று. வறண்ட, நீண்ட இலையுதிர்காலம். பழம் அவசரப்படாமல் பழுக்கும்.

அந்த மண்ணில் 1870இல் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறக்கும்போது பிரெஞ்சுக்காரர். 1871இல் ஜெர்மன். முதல் உலகப்போர் முடிந்ததும் மறுபடி பிரெஞ்சு. 1940இல் ஹிட்லரின் ஆட்கள் வந்ததும் மறுபடி ஜெர்மன். போர் முடியும்போது மறுபடி பிரெஞ்சு. எழுபத்தைந்து வயதுக்குள் நாலு தடவை நாடு மாறியாயிற்று, ஆள் ஊரை விட்டு நகரவே இல்லை.

நாஜிகள் பிரெஞ்சு பேசுவதைத் தடை செய்தார்கள். ழான் ஹான்ஸ் ஆனார். தெருக்களின் பெயர்களும் மாறின. 1942 முதல் அல்சாஸிலிருந்தும் பக்கத்து மொசெல்லிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 'மால்க்ரே நூ' என்று அவர்களுக்குப் பெயர். எங்கள் விருப்பத்தை மீறிப் போனவர்கள் என்று பொருள். விடுதலைக்குப் பின் இன்னொரு கூத்து: பிரெஞ்சு பேசுவதுதான் நாகரிகம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். வீட்டில் பேசிய அல்சாஸிய வட்டார மொழிக்கு இப்போது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை.

ஒயினும் இதே அடியை வாங்கியது. ஜெர்மன் ஆட்சியில் அல்சாஸ் பெரும்பாலும் கலப்படத்துக்கான மலிவு ஒயின் தரும் இடம். 1918க்குப் பிறகு அந்தச் சந்தையும் போயிற்று. நல்ல ரகங்களை நட்டுத் தரத்தால் பிழைப்பது என்று சில விவசாயிகள் முடிவெடுத்தார்கள். அதற்கான சட்ட அங்கீகாரம் 1962இல்தான் முழுமையாகக் கிடைத்தது. 1972இலிருந்து ஒயினை அந்த மண்ணிலேயே, ஒல்லியான உயரமான பாட்டிலில்தான் அடைக்க வேண்டும் என்றானது.

போர்தோ, பர்கண்டியில் லேபிளில் ஊர்ப்பெயர்தான் பெரிதாக இருக்கும். அல்சாஸில் திராட்சையின் பெயர். எலும்புபோல் வறண்ட, எலுமிச்சைக் கூர்மையுள்ள ரீஸ்லிங். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் கெவுர்ஸ்ட்ராமினர். புகை வாசமுள்ள பினோ கிரீ. புதுத் திராட்சையைக் கடித்ததுபோல முஸ்கா. கொடியிலேயே நெடுநாள் விட்டுப் பறித்தால் 'வாந்தான்ஜ் தார்திவ்' என்ற தாமத அறுவடை ஒயின். பூஞ்சை பிடித்துச் சுருங்கிய மணிகளைத் தேர்ந்தெடுத்துப் பிழிந்தால் அதைவிட இனிப்பானது. பல வெள்ளைத் திராட்சைகளைக் கலந்தால் அன்றாட ஒயினான எடெல்ஸ்விக்கர்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு டிக்கெட். ஐரோப்பிய ஒயின் விற்பனையாளர் ஒருவரின் சரக்குப் பட்டியலை (நிஜமாகவே சரக்கு) எங்கள் டீம் சுத்தம் செய்துகொண்டிருந்தது. எழுத்துகளின் மேலிருக்கும் குறிகளை உரித்துவிட்டு, ஒரேமாதிரி வரும் பெயர்களை ஒன்றாக்கும் ஸ்கிரிப்ட். கெவுர்ஸ்ட்ராமினர் இரண்டாக வந்து நின்றது. டூப்ளிகேட், மெர்ஜ் பண்ணிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தேடும்போது எதை அடித்தாலும் இரண்டும் வரட்டும், காட்டும்போது அவரவர் எழுதிய மாதிரியே காட்டலாம். வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நாலு தடவை நாடு மாறிய ஊரிடம், உன் எழுத்துப்பிழையைத் திருத்துகிறேன் என்று ஐந்தாவதாகப் போய் நிற்க எனக்கு மனசில்லை.

எல்லாப் பெயரையும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. பினோ கிரீயை அல்சாஸ்காரர்கள் பல தலைமுறையாக 'டோக்காய்' என்றுதான் அழைத்தார்கள். டோக்காய் ஹங்கேரியில் இருக்கும் ஒரு ஊர். அங்கே முக்கியமான திராட்சை ஃபுர்மின்ட். ஹங்கேரி கேட்டது, ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்டது, 2007இல் அல்சாஸ் அந்தப் பெயரைக் கைவிட்டது. நியாயம்தான். பெயருக்கு உரியவர் கேட்கும்போது கொடுப்பது வேறு, யாரோ ஒருவர் வசதிக்காக உரித்துப்போடுவது வேறு.

அல்சாஸிய மொழி பேசும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் அங்கே மிகச் சிறந்தவை என்று பிரெஞ்சுச் சட்டம் ஏற்ற 51 'கிரான் க்ரூ' தோட்டங்களின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஷ்லோஸ்பெர்க் என்றால் கோட்டைக் குன்று. அல்டென்பெர்க் என்றால் பழைய குன்று. வரிசையாக இப்படித்தான். வகுப்பறையில் இடம் கிடைக்காத மொழி, பாரிஸின் அரசாணையில் பத்திரமாக இருக்கிறது.