கொம்பு தள்ளிப்போன ஊர்

மாத்தளை என்ற பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ளகரத்துக்கு முன்னால் ஐகாரக் கொம்பு நிற்கிறது. கையால் எழுதும்போது கொம்பைத்தான் முதலில் போடுகிறோம், பிறகுதான் ள. கணினியின் யுனிகோட் முறையில் வரிசை வேறு. உள்ளே முதலில் ள பதிவாகும், அதன் பின்னால் கொம்பு. திரையில் காட்டும்போது அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத மென்பொருளுக்குள் போனால் கொம்பு ளகரத்துக்குப் பின்னால் தனியே நின்றுவிடும். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று ஊரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதியவர்களைத் தந்த ஊர் இது. அந்த ஊரின் பெயரே ஒரு பதாகையில் உடைந்து தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கிறது.

அச்சுக்குக் கோப்பு தயாரிக்கும் வேலையில் இருப்பதால் இதைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். அச்சுத் தட்டு அடிப்பதற்கு முன் கோப்பைச் சோதிக்க இப்போது நல்ல கருவிகள் இருக்கின்றன. எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்கின்றனவா, படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் இருக்கின்றனவா, நிறங்கள் நான்கு மைக்குப் பிரிந்திருக்கின்றனவா, வெட்டும் ஓரத்தில் 3 மில்லிமீற்றர் மிச்சம் விட்டிருக்கிறதா என்று சில விநாடிகளில் பார்த்துப் பச்சை அடையாளம் காட்டிவிடும். கொம்பு இடம் மாறிய பக்கத்துக்கும் அதே பச்சை கிடைக்கும். கருவியைப் பொறுத்தவரை அந்த வடிவம் கோப்பில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது. அதில் பிழை எதுவும் இல்லை.

"அண்ணே, சிஸ்டம் ஓகேன்னு காட்டுதே" என்று தம்பிமார் சொல்வது பொய்யல்ல. கோப்பு சரிதான். பக்கம்தான் பிழை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் எங்கள் தொழிலின் கைத்திறன் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பழைய நிலைமையும் சிக்கல் இல்லாததல்ல. இலங்கையின் தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் பாமினி எழுத்துருதான் ஆட்சி செய்தது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். கை எழுதும் அதே ஒழுங்கு. ஆனால் கணினிக்கு அது தமிழே அல்ல. 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். அந்தக் கோப்புகளை இப்போது யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பெரும்பாலும் சரியாகவே மாற்றுகின்றன. நடுவில் ஓர் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் மட்டும் அதையும் தமிழ் என்று எண்ணிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். ஒரு மலரின் நூறு பக்கத்தை மாற்றுவது கருவிக்கு ஒரு சொடுக்கு. எந்த வரியில் அது தடுமாறியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நிற்பது மனிதருக்குரிய அறிவு.

அந்த அறிவு எங்கிருந்து வந்தது? ஈய எழுத்தைக் கையால் கோத்த தலைமுறையிடமிருந்து. அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர் ஒவ்வோர் எழுத்தையும் எழுத்துப் பெட்டியின் அறையிலிருந்து விரலால் எடுத்தார். கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிய எழுத்தைத் தடையில்லாமல் வாசித்தார். எழுத்து எழுத்தாகத் தன் கை வழியே போன பிரதியை அவர் தவிர்க்க முடியாமல் படித்துவிடுவார். புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கக்கூடாது என்பதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 'பத்திரிகை' என்ற சொல்லை ஒடிக்க நேர்ந்தால் 'த்' மேல்வரியோடு இருக்கும், 'திரிகை' கீழே வரும். இன்றைய மென்பொருளிடம் ஒடுங்கிய பத்தியைக் கொடுத்து இரு ஓரமும் சமன்செய்யச் சொன்னால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய வெள்ளை இடைவெளிகளைத் திறந்துவிடும். இல்லையென்றால் கண்ட இடத்தில் ஒடிக்கும். ஒரு சொல்லை மாற்றலாமா, எழுத்தை அரைப் புள்ளி குறைக்கலாமா என்று பார்க்க அந்தப் பக்கத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

தானியங்கி முறை பறித்துக்கொண்ட எல்லாவற்றுக்கும் நான் வருந்தவில்லை. நெகட்டிவ் ஃபிலிமை ஒளிமேசையில் பரப்பி, ஊசித்துளை வெளிச்சங்களைத் தூரிகையால் மறைத்து மறைத்துக் கண் கெட்டவர்களை நான் அறிவேன். பதினாறு பக்க ஃபோர்மாவில் எந்தப் பக்கம் தலைகீழாக எதற்கு எதிரே வர வேண்டும் என்பதை இப்போது கணினி நொடியில் அடுக்கித் தருகிறது. நிறங்கள் உரசும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க மயிரிழை அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவதையும் அதுவே செய்கிறது. இவை போனதில் நட்டம் எதுவும் இல்லை. மாலையில் பிரதி வந்து விடியுமுன் சாவு வீட்டுக்கு அறிவித்தல் போக வேண்டிய நாட்களில் இந்த வேகம் பெரிய உதவி.

ஆனால் அந்த மரண அறிவித்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்த வடிவத்தில் பெயரையும் திகதியையும் மாற்றினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். "அன்னார்" என்பதற்குக் கீழே வரும் உறவுகளின் பட்டியலில் ஒரு மருமகள் விடுபட்டால் எந்தக் கருவியும் எச்சரிக்காது. அந்த வீட்டில் அது பல வருடம் பேசப்படும். ஊரும் உறவும் தெரிந்த ஒருவர் பிரதியை வாங்கும்போதே "மூத்தவருக்குக் கல்யாணம் ஆயிருச்சே, அவங்க பேரு?" என்று கேட்டுவிடுவார்.

படம் இன்னும் கடினம். தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டியின் ஒரே படம் அடையாள அட்டையில் உள்ளதுதான். அதைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் இருக்கும் விவரம் தபாலட்டை அளவுக்கே போதாது. இப்போதைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதைப் பெரிதாக்கித் தெளிவாகத் தருகின்றன. இல்லாத இமைமயிரையும் பல்வரிசையையும் தாமே உண்டாக்கி, சுருக்கத்தை நிரவி, வேறொரு பெண்ணைத் தருகின்றன. சோதனைக் கருவி 300 புள்ளி என்று அதற்கும் பச்சை காட்டும். மகள் பார்த்துவிட்டு "இது எங்கம்மா இல்லையே" என்பார். கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவரின் முகத்துக்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அந்த மங்கல் படம். அதைச் சிறிதாகவே போட்டு, மாசை மட்டும் கையால் துடைத்து, முகத்தை முகமாக விடுவதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொன்று, கோயில் அறிவித்தல். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும். திருவிழாக் காலத்தில் இந்த நகரில் அதிகம் அச்சாகும் எழுத்து ஸ்ரீ என்றே சொல்லலாம். அந்த ஓர் எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஸகரத்தை வைத்து எழுதுவது ஒன்று. 2005இல் தமிழுக்குச் சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்து எழுதுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். ஆனால் ஒரு விதத்தை மட்டும் அறிந்த எழுத்துருவுக்குள் மற்றது போனால், கூட்டெழுத்து பிரிந்து புள்ளி வைத்த எழுத்தும் ரீயுமாக நிற்கும். உபயகாரர் கையில் அதைக் கொடுக்க முடியுமா?

கையின் பயிற்சிக்கு இந்த ஊரிலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. நகரிலிருந்து வடக்கே யாழ்ப்பாண வீதியில் சுமார் 3 கிலோமீற்றர் போனால் அலுவிகாரை என்ற பௌத்த விகாரை. மன்னன் வட்டகாமணி அபயன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகக் காத்த திரிபிடகத்தை பிக்குகள் ஏட்டில் எழுதியது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடம் செய்தவர்கள் அருகிவருகிறார்கள் என்ற அச்சத்தில் எழுதினார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏட்டு நூலகம் அழிந்தது. பின்னால் மீண்டும் எழுதத் தொடங்க முடிந்ததற்கு ஓலை பதப்படுத்தவும் எழுத்தாணி பிடிக்கவும் தெரிந்த கைகள் மிஞ்சியிருந்ததும் ஒரு காரணம். இன்றும் அங்கே போகிறவர்களுக்கு எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி ஓலையில் கீறும்போது எழுத்து சரியாகத் தெரியாது. கரிமை பூசித் துடைத்த பிறகுதான் தெளிவாக வெளியே வரும். அதுவரை எழுதியவரின் கை நம்பியிருந்தது அவருடைய பயிற்சியை.

அந்தப் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கொடுக்கிறோமா என்பதுதான் என் கவலை. தமிழைப் பொறுத்தவரை இந்த நாட்டில் கவலை இரட்டிப்பு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மும்மொழியில் அச்சிட வேண்டியவை ஏராளம். பக்கம் வடிவமைப்பவரும் தட்டு அடிப்பவரும் பல சமயம் தமிழ் வாசிக்கத் தெரியாத நல்ல தொழிலாளிகள். அவர்கள் வாசிக்கும் சிங்களத்திலும் கொம்புவ என்ற கொம்பு உண்டு, அதற்கும் இதே இடமாற்றம் நேரும். அங்கே அது தள்ளிப்போனால் அவர் உடனே கண்டு திருத்துவார். தமிழில் தள்ளிப்போனால் அவர் நம்பக்கூடியது கருவி ஒன்றைத்தான். இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தெரிவைப் போட்டிருந்தால் இந்தக் கொம்பு இடத்துக்கு வந்திருக்கும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். வந்ததா என்று பார்க்க இன்னோர் ஆள் வேண்டும்.

முன்பெல்லாம் புரூஃப் பார்க்க இருவர் உட்காருவார்கள். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், கால்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட. மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். இதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சக அச்சகக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோதனைக் கருவியையும் ஓட்டுவோம், அது பார்ப்பதை நாம் பார்த்து நேரம் போக்க வேண்டியதில்லை. மும்மொழி வேலைகளைக் கொடுக்கும் அலுவலகங்களிடம் கேட்பதும் ஒன்றுதான். தட்டு அடிப்பதற்கு முன், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தாளில் எடுத்த புரூஃபைப் பார்த்துத் தன் பெயரெழுதி ஒப்பமிட வேண்டும் என்ற ஒரு வரியைக் கட்டளைக் கடிதத்தில் சேருங்கள். பார்த்தவருக்கு அதற்குரிய கூலியையும் எழுதுங்கள். கெட்டுப்போன ஒரு தட்டையும் மறுபடி ஓட்டும் கடதாசியையும் கணக்குப் பார்த்தால் அது பெரிய தொகையாக இருக்காது.