கூழுக்கு என்ன கொண்டு வாறியள்?

2022இல காஸுக்கும் வரிசை, பெற்றோலுக்கும் வரிசை, ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. யாழ்ப்பாணத்தில ஆளையாள் சாப்பிடக் கூப்பிடுறதே நிண்டு போச்சு. சோறு கறி எண்டால் முழுச் செலவும் ஒராளின்ர தலையிலதானே? பிறகுதான் கூழ் காய்ச்சத் தொடங்கினம்.

ஒராள் ஒடியல் மா. வளவில நிக்கிற மரவள்ளியும் முருங்கையிலையும் இன்னொராள். சைக்கிளில சந்தைக்குப் போறவர் சின்ன மீனும் ரெண்டு நண்டும். ஒண்டும் இல்லாதவர் விறகோட வரலாம். (அந்த நேரம் விறகுதான் விலைபோன சாமான்!) முற்றத்தில மூண்டு கல்லு, பெரிய பானை. மாவை முதலே தண்ணியில ஊறவிட்டு, மேல்தண்ணியை வடிச்சு ஊத்திப்போட வேணும், இல்லாட்டிக் கசக்கும். கிழங்கும் மீனும் அவிஞ்ச பிறகு மா, அரைச்ச செத்தல் மிளகாய், பழப்புளி. அடிப்பிடிக்காமல் துழாவுறது ஆர் எண்டுதான் எப்பவும் சண்டை.

பனையோலையில பிளா கோலிக் குடிச்சால் கோப்பை கழுவுற வேலையும் இல்லை.

இப்ப காஸ் கிடைக்குது. சாமான் விலைதான் பழைய இடத்துக்கு வரேல்லை, அதால கூழும் நிக்கேல்லை. வாற ஞாயிறு எங்கட வீட்டில. நண்டுக்கு இன்னும் ஆரும் கைதூக்கேல்லை, கீழ சொல்லுங்கோ.